சதுரங்க எண்ணைப் பிளந்து பார்ப்போம்

சதுரங்க ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் அரசனிடம் நெல் கேட்ட கதையைக் கேட்டிராதவர்கள் நம்மில் மிகச் சிலரே இருப்பார்கள். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தையதைப் போல் இரு மடங்கு வைத்துக்கொண்டே போக வேண்டும். 64 கட்டங்களும் நிரம்பியதும் மொத்த நெல்லையும் கொடுத்துவிட வேண்டும். "இவ்வளவுதானா!" என்று அரசன் சிரித்துவிட்டுக் களஞ்சியத்தைத் திறக்கச் சொல்கிறான். பிறகு அவன் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கதை சொல்பவர்கள் நெல் என்பார்கள், கோதுமை என்பார்கள். எண் மட்டும் மாறுவதில்லை. அது இதுதான்:

1,84,46,74,40,73,70,95,51,615

இருபது இலக்கங்கள். ஒரு கிராமுக்கு 40 நெல்மணிகள் என்று வைத்துக்கொண்டால் இந்த நெல்லின் எடை ஏறக்குறைய 46,000 கோடி டன் ஆகிறது. உலகம் முழுவதிலும் இப்போது ஓராண்டில் விளையும் நெல் சுமார் 80 கோடி டன். ஆகவே ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவரும் ஒரு பிடி சோறு உண்ணாமல் சேர்த்தால்தான் அரசன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியும்.

கதை இங்கே முடிந்துவிடுகிறது. எண்ணின் பருமனைக் கண்டு மலைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். இதில் எனக்கு எப்போதுமே ஒரு குறை உண்டு. இந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எந்தெந்தப் பகா எண்களைப் பெருக்கினால் இது கிடைக்கும்? (1-ஆலும் தன்னாலும் அல்லாமல் வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணே பகா எண், 2, 3, 5, 7, 11 ஆகியவை போல.) இருபது இலக்க எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிளப்பது பொதுவாக ஓர் ஆயுட்கால வேலை. ஆனால் இந்த எண்ணைப் பிளக்க ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும். எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பிளந்துகொண்டே போகும்போது ஒரே ஒரு துண்டு மட்டும் முரண்டு பிடிக்கும். அந்தத் துண்டில்தான் மாபெரும் கணித மேதை ஒருவர் இடறி விழுந்தார்.

முதலில் எண்ணின் பிறப்பைப் பார்ப்போம். 1+2 என்பது 3. அது 4-க்கு ஒன்று குறைவு. 1+2+4 என்பது 7. அது 8-க்கு ஒன்று குறைவு. எத்தனை கட்டங்களைக் கூட்டினாலும் அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியதைவிட ஒன்று குறைவாகவே வரும். ஆகவே 64 கட்டங்களின் மொத்தம், பலகையில் இல்லாத 65-ஆவது கட்டத்துக்கு உரியதைவிட ஒன்று குறைவு. அதாவது 2⁶⁴−1.

இதைக் கணக்கிட 64 முறை இரட்டிக்க வேண்டியதில்லை. 2-ஐ வர்க்கப்படுத்தினால் 4, அதை வர்க்கப்படுத்தினால் 16, பிறகு 256, பிறகு 65,536, பிறகு 4,29,49,67,296, இதையும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ வந்துவிடும். ஆறே பெருக்கல்கள். அல்பெரூனி கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதிய, பண்டைய மக்களினங்களின் காலக் கணக்கைப் பற்றிய நூலில் சதுரங்கக் கணக்கை இவ்வாறு வர்க்கப்படுத்தும் வழியிலேயே செய்து காட்டியிருக்கிறார். இந்த வர்க்கச் சங்கிலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கட்டிய அதே சங்கிலிதான் அதைப் பிளக்கவும் உதவப் போகிறது.

உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு விதி: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், அவ்விரு எண்களின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். 7²−4² என்பது 33. 11-ஐயும் 3-ஐயும் பெருக்கினாலும் 33. இப்போது நம் எண்ணைப் பாருங்கள். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே

2⁶⁴−1 = (2³²+1) × (2³²−1)

ஒரே வெட்டில் இருபது இலக்க எண் இரண்டு பத்து இலக்க எண்களாகிவிட்டது. வலப்பக்கத்துத் துண்டு மறுபடியும் அதே உருவத்தில் இருக்கிறது. அதையும் வெட்டினால் 2¹⁶+1, 2¹⁶−1. பிறகு 2⁸+1, 2⁸−1. இப்படியே போனால் முடிவில் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297

இதைச் சரிபார்க்க விரும்பினால், நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள், 87 வரும். ஆகவே எண் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. ஈற்றில் 15 இருப்பதால் 5-ஆல் வகுபடும், 25-ஆல் வகுபடாது. நம் பட்டியலில் 3-உம் 5-உம் ஒவ்வொரு முறைதான் வருகின்றன, ஒத்துப்போகிறதல்லவா?

3, 5, 17, 257 ஆகியவை பகா எண்கள். 65,537-உம் பகா எண்ணே. இன்னும் எஞ்சியிருப்பது ஆறாவது துண்டு, 4,29,49,67,297. அது பகாவா, பகுவா?

ஃபெர்மாவின் நம்பிக்கை

பிரான்ஸ் நாட்டின் துலூஸ் நகரில் நீதித்துறை உறுப்பினராக இருந்தவர் பியேர் தெ ஃபெர்மா. கணிதம் அவருக்குப் பிழைப்பு அன்று. ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. ஆயினும் அவர் காலத்தில் எண்களின் இயல்பை அவரைப் போல் அறிந்தவர் வேறு எவரும் இல்லை எனலாம். 1640-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கடிதங்களில் நாம் மேலே கண்ட அதே வரிசை வருகிறது: 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297, … ஒவ்வொன்றும் வர்க்கச் சங்கிலியின் ஒரு கண்ணியுடன் 1 கூட்டியது. இவை அனைத்துமே பகா எண்கள் என்பது தம் உறுதியான நம்பிக்கை என்றார் ஃபெர்மா. நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது பத்து இலக்க எண். அதை நேர்வழியில் சோதிக்க வேண்டுமானால் அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 65,536 வரை உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். அவை மொத்தம் 6,542. நாளுக்கு இருபது வகுத்தல் செய்தாலும் முடிக்க ஏறக்குறைய பதினொரு மாதங்கள் ஆகும்.

1729 டிசம்பரில், மாஸ்கோவில் இருந்த கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த 22 வயது இளைஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தின் முடிவில், பின்குறிப்பாக, ஃபெர்மாவின் இக்கூற்றை அறிவீரா என்று கேட்டார். அந்த இளைஞர் ஆய்லர். 1732-இல் ஆய்லர் விடையைச் சொன்னார்: ஆறாவது எண் பகா எண் அன்று. அது 641-ஆல் மீதியின்றி வகுபடுகிறது!

4,29,49,67,297 = 641 × 67,00,417

பெருக்கிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. 92 ஆண்டுகள் நின்ற நம்பிக்கை மூன்றிலக்க எண் ஒன்றால் சரிந்தது.

641 எப்படி அகப்பட்டது?

அந்த 6,542 பகா எண்களில் 641-ஐ ஆய்லர் எப்படிப் பிடித்தார்? குருட்டு அதிர்ஷ்டம் அன்று. வழியை அவர் 1732-இல் விளக்கவில்லை. 1750-இல் வெளியான கட்டுரையில்தான் விளக்கினார். அந்த வழியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இந்தக் கட்டுரையில் கொஞ்சம் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இது ஒன்றே.

17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள். 17-ஐத் தாண்டும்போதெல்லாம் 17-ஐக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 4, 8, 16, 15, 13, 9, மறுபடியும் 1. எட்டு அடி வைத்ததும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். மணிமுள் 12-க்குத் திரும்புவது போலத்தான். பாதி வழியில், நான்காவது அடியில், 16-இல் நின்றோம். அது 17-க்கு ஒன்று குறைவு. இத்தகைய இடத்தை 'ஒன்று குறை' என்று அழைப்போம்.

இப்போது 2³²+1 என்ற நம் முரட்டுத் துண்டை ஏதோ ஒரு பகா எண் மீதியின்றி வகுக்கிறது என்று கொள்வோம். அந்தப் பகா எண்ணை வைத்து இதே இரட்டிப்பு ஆட்டத்தை ஆடினால், 32-ஆவது அடியில் 'ஒன்று குறை' வந்தே தீர வேண்டும். அதனுடன் 1 கூட்டினால்தானே மீதி இல்லாமல் போகும்? இன்னும் 32 அடி வைத்தால் 'ஒன்று குறை'யின் வர்க்கம், அதாவது 1 வரும். ஆக 64 அடிகளில் வீடு திரும்பிவிட்டோம். அதற்கு முன்பே திரும்பியிருக்க முடியுமா? சுற்றின் நீளம் 64-ஐச் சரியாக வகுக்க வேண்டும். எனவே அது 1, 2, 4, 8, 16, 32, 64 ஆகியவற்றுள் ஒன்று. 32-ஓ அதற்குக் குறைந்ததோ என்றால் 32-ஆவது அடியில் நாம் 1-இல் அல்லவா நின்றிருப்போம்? ஆனால் 'ஒன்று குறை'யில் நின்றோமே! ஆகவே சுற்றின் நீளம் சரியாக 64.

இதனுடன் ஒரு பழைய தேற்றத்தைச் சேர்க்க வேண்டும். எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்து இந்த ஆட்டத்தை ஆடினாலும், அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடிகள் முடிந்ததும் மீதி 1-இல் நிற்போம். 17-க்கு 16 அடிகள்: எட்டடிச் சுற்று இரண்டு முறை. ஆகவே நாம் தேடும் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது 64-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும்.

6,542 பேர் நின்ற கூட்டம் எப்படிக் கலைந்தது, பாருங்கள்! 64-இன் மடங்குகளுடன் 1 கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641, … இவற்றில் பகா எண்கள் மட்டும் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது சோதனையிலேயே காரணி அகப்பட்டுவிடுகிறது.

பத்து இலக்க எண்ணை நேராக வகுக்கவும் வேண்டியதில்லை. 65,536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154. அதை வர்க்கப்படுத்தினால் 23,716. 641-இன் 37 மடங்கு 23,717. ஒன்று குறை! வேலை முடிந்தது. இதே முறையில் மற்ற நான்கையும் சோதித்தால் 2³²+1-இல் எஞ்சும் மீதிகள் முறையே 109, 2, 325, 288. உங்கள் கணக்கில் வேறு விடை வந்தால் வர்க்கப்படுத்திய இடத்தில் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் சொன்ன அந்தப் பழைய தேற்றம் யாருடையது தெரியுமா? ஃபெர்மாவுடையது! அதையும் அவர் கடிதத்தில் எழுதியது அதே 1640-ஆம் ஆண்டில்தான். எழுதியதோடு நிற்கவில்லை. இதே வகைத் தருக்கத்தைக் கொண்டு 2³⁷−1 என்ற பன்னிரண்டு இலக்க எண்ணின் காரணிகளைத் தேடி, 223 அதை வகுக்கிறது என்று அதே ஆண்டில் கண்டும் இருக்கிறார். திறவுகோல் அவர் மடியிலேயே இருந்தது. ஆனால் தம் சொந்த வீட்டுப் பூட்டு அதனால் திறக்கவில்லை. ஐந்து வகுத்தல் செய்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அவர் அவற்றைச் செய்தும் பார்த்திருக்கலாம், 641-இல் எங்கோ கணக்குப் பிழை நேர்ந்திருக்கலாம் என்று கணித வரலாற்றாசிரியர் சிலர் ஊகிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தேற்றத்தில் தவறாதவரும் கழித்தலில் தவறலாம் அன்றோ!

641 வகுக்கிறது என்பதற்கு வகுத்தலே இல்லாத ஒரு நிரூபணமும் உண்டு. பிற்காலத்தவர் கண்டது, ஆய்லரின் வழியைவிட எனக்கு இது பிடிக்கும். 641-க்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் பார்த்தால் அது 640+1. 640 என்பது 5 × 2⁷. மறுபக்கம் பார்த்தால் 625+16, அதாவது 5⁴+2⁴. ஆகவே 2⁴ என்பது 641−5⁴. 2³² என்பது 2⁴ × 2²⁸ அல்லவா? 2⁴ இருந்த இடத்தில் 641−5⁴ என்று எழுதுங்கள். 5⁴ × 2²⁸ என்பது 640⁴ ஆகிவிடும். எனவே

2³²+1 = 641 × 2²⁸ − (640⁴−1)

முதல் பகுதியில் 641 வெளிப்படையாக நிற்கிறது. அடைப்புக்குள் இருப்பதை நம் பழைய விதிப்படி வெட்டினால் (640+1) × (640−1) × (640²+1). அதிலும் 641! இரண்டிலும் அது இருப்பதால் மொத்தத்தையும் அது வகுக்கிறது. இதிலேயே மற்றொரு காரணியும் தானாக விழுகிறது: 2²⁸ என்பது 26,84,35,456, அதிலிருந்து 639 × 4,09,601, அதாவது 26,17,35,039-ஐக் கழியுங்கள். 67,00,417.

அப்படியானால் 67,00,417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2,588-க்குச் சற்று மேல். எடுவர்ட் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1878-இல் ஆய்லரின் நிபந்தனையை மேலும் இறுக்கினார்: 64-இன் மடங்கு போதாது, 128-இன் மடங்குடன் 1 கூட்டியதாக இருக்க வேண்டும். 2,588-க்குள் அத்தகைய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்துதான். இவற்றால் 67,00,417-ஐ வகுத்தால் வரும் மீதிகள் 170, 44, 120, 334, 622. எதுவும் சூன்யம் இல்லை. எனவே அது பகா எண்ணே. சதுரங்க எண்ணை முழுமையாகப் பிளந்துவிட்டோம்:

3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 67,00,417

ஏழு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வராமல். ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்; ஆகவே சதுரங்க எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 2⁷, அதாவது 128. அந்த நெல்லை 641 பேர் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம், ஒரு மணியும் மிஞ்சாது. 7 பேர் பிரித்துக்கொள்ள முடியாது.

பல்கோணங்கள்

ஃபெர்மாவின் வரிசை ஆய்லரோடு மதிப்பிழந்து போயிருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. 1796-இல், இன்னும் 19 வயது நிரம்பாத காஸ், 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தைக் கவராயமும் அளவு குறிக்காத நேர்விளிம்பும் மட்டுமே கொண்டு வரைய முடியும் என்று கண்டார். முக்கோணத்தையும் ஐங்கோணத்தையும் அவ்வாறு வரையக் கிரேக்கர்கள் அறிந்திருந்தார்கள். அதற்குப்பின் ஈராயிரம் ஆண்டுகளாக இந்த வகையில் புதிய பகா எண் எதுவும் சேரவில்லை. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தை இப்படி வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை ஃபெர்மா வரிசையில் உள்ள வெவ்வேறு பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் போதும். போதும் என்ற பாதியைக் காஸ் 1801-இல் வெளியிட்டார். வேண்டும் என்ற பாதியை 1837-இல் வான்ட்ஸெல் நிறுவினார்.

இன்றுவரை கிடைத்துள்ள ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தே. இவ்வைந்தின் பெருக்கம் என்ன? நாம் முதலில் வெட்டியபோது கிடைத்த வலப்பக்கத் துண்டு 2³²−1, அதாவது 4,29,49,67,295! அதை வகுக்கும் எண்கள் 32. அவற்றில் 1-ஐ நீக்கிவிட்டால் எஞ்சும் 31-உம்தான் கவராயத்தால் வரையத்தக்கனவாக நாம் அறிந்துள்ள ஒற்றைப்படைப் பல்கோணங்களின் முழுப் பட்டியல்: 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று தொடங்கி 4,29,49,67,295-இல் முடிகிறது. சதுரங்கப் பலகையின் முதல் 32 கட்டங்களில் வைத்த நெல்லின் எண்ணிக்கையும் அதுவே. ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்கங்கள் கொண்ட பல்கோணத்தை வரையும் முறைக்காகப் பத்தாண்டுகள் உழைத்து 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றது. அதை வரைந்தால் வட்டத்துக்கும் அதற்கும் வேறுபாட்டை எந்தக் கண்ணும் காண முடியாது என்பது வேறு விஷயம்.

இனி, நம் எண்ணுடன் 2 கூட்டுங்கள். 1,84,46,74,40,73,70,95,51,617. இது 2⁶⁴+1, ஃபெர்மா வரிசையின் ஏழாவது எண். இதன் பக்கத்து வீட்டு எண்ணை நாம் அரைமணி நேரத்தில் பிளந்துவிட்டோம். ஆனால் இங்கே வர்க்க வித்தியாச விதி உதவாது, குறி மாறிவிட்டதே! 1880-இல்தான் இதை லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் பிளந்தார். அப்போது அவருக்கு வயது 82.

2,74,177 × 6,72,80,42,13,10,721

அதற்குப் பிந்திய எண்களை மின்கணிப்பொறிகள் ஏற்றுக்கொண்டன. 2-இன் அடுக்கு 32-இல் தொடங்கி 2³² வரை உள்ள 28 ஃபெர்மா எண்களும் பகு எண்களே என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஃபெர்மா கண்ட ஐந்தைத் தவிர ஆறாவது பகா எண் அந்த வரிசையில் ஒன்றுகூட அகப்படவில்லை. அடுத்து நிற்பது அடுக்கு 2³³ ஆக உள்ள எண். அதை எழுதவே 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். அது பகாவா, பகுவா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.